ஏரி வறண்ட வருஷத்தில் எதற்குக் கருந்துளை?

2019 ஜூன் மாதம். சென்னையில் எங்கள் தெருவில் தண்ணி லாரிக்கு வரிசை. குடங்களை முதல் நாள் ராத்திரியே வைத்து இடம் பிடித்துவிட்டு, விடிந்ததும் போய் அவற்றின் பக்கத்தில் நிற்க வேண்டும். எனக்கு முன்னால் மூன்று பச்சைக் குடங்களும் ஒரு பெயிண்ட் வாளியுமாக நின்றவர் எங்கள் மாடி வீட்டுப் பெரியவர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், பேப்பரை ஒரு வரி விடாமல் படிப்பவர். அந்த ஏப்ரலில்தான் எம்87 என்ற விண்மீன் மண்டலத்தின் நடுவே இருக்கும் கருந்துளையின் படம் வெளியாகி, ஆரஞ்சு நிறத்தில் வடை மாதிரி ஒன்று எல்லாப் பேப்பரிலும் முதல் பக்கத்தில் வந்திருந்தது. பெரியவர் அதை மறக்கவில்லை.

“ஏன் தம்பி, அஞ்சரைக் கோடி ஒளியாண்டு தள்ளி இருக்கிற ஓட்டையைப் படம் எடுக்கத் தெரியுது. செம்பரம்பாக்கம் காலியாகப் போகுதுன்னு ஜனவரியிலேயே தெரிஞ்சுக்க முடியலையா?”

நான் ஜிபிஎஸ், வைஃபை என்று ஏதோ சொன்னேன். அவர் “ஓகோ” என்றார். அந்த ‘ஓகோ’வில் இருந்த நம்பிக்கையின்மை ரொம்ப நாள் என்னை அரித்துக்கொண்டே இருந்தது, ஏனென்றால் நான் சொன்னது மழுப்பல் என்று எனக்கே தெரியும்.

முதலில் அந்த மழுப்பலையே பார்த்துவிடலாம். பிரபஞ்சம் எப்படித் தோன்றியது, எப்படி விரிகிறது என்று ஆராய்வதால் என்ன பயன் என்று யாராவது கேட்டால் உடனே ஐன்ஸ்டைனைக் கூப்பிடுவது வழக்கம். ஜிபிஎஸ் செயற்கைக்கோளில் இருக்கும் கடிகாரம், தரையில் இருக்கும் கடிகாரத்தைவிட ஒரு நாளைக்கு சுமார் 38 மைக்ரோ வினாடி முந்தி ஓடும், அதைச் சார்பியல் கொள்கையை வைத்துத் திருத்தாவிட்டால் இடம் காட்டுவதில் ஒரே நாளில் 10 கிலோமீட்டர் அளவுக்குப் பிழை சேரும், பிரியாணி கொண்டு வருகிற பையன் தாம்பரத்துக்குப் பதில் வேறெங்கோ நிற்பான். அத்தனையும் உண்மை. ஆனால் அது பூமியைச் சுற்றும் கடிகாரம் பற்றிய விஷயம். பிரபஞ்சத்தின் வயது 1,380 கோடி ஆண்டு என்பதற்கும் அந்தப் பிரியாணிக்கும் ஒரு தொடர்பும் இல்லை. வைஃபை கதை இன்னும் சுவாரஸ்யமானது. மிகச் சிறிய கருந்துளைகள் ஆவியாகி வெடிக்கலாம் என்று ஹாக்கிங் 1974இல் சொன்னதை நம்பி, அந்த வெடிப்பின் ரேடியோ அலையைத் தேடியவர்களில் ஜான் ஓ’சலிவன் என்ற ஆஸ்திரேலியர் ஒருவர். வெடிப்பு கிடைக்கவில்லை. கலங்கிய சிக்னலைச் சுத்தம் செய்யும் கணக்கில் கிடைத்த பழக்கம், பிற்பாடு அவரும் சகாக்களும் கம்பியில்லா இணைப்புக்கு எடுத்த காப்புரிமைக்கு உதவியது. நல்ல கதைதான். ஆனால் இதைக் காட்டி அடுத்த தொலைநோக்கிக்குப் பணம் கேட்டால், வைஃபை வேண்டுமென்றால் நேராக வைஃபைக்கே பணம் கொடுத்துவிட்டுப் போகிறேனே என்று நிதித்துறைக்காரர் சொல்வார். அதற்குப் பதில் கிடையாது.

ஆகவே உபரிப் பொருளைக் காட்டி உழவை நியாயப்படுத்துகிற வேலையை விட்டுவிட்டு, நிஜமாகவே நெருக்கடி நடுவே பிரபஞ்சத்தைப் பற்றிய ஒரு கேள்விக்காக மட்டும் காசு செலவழித்த சம்பவம் ஏதாவது உண்டா என்று தேடினால், ரொம்ப தூரம் போக வேண்டாம். ஊட்டியிலேயே இருக்கிறது.

ஊட்டிக்கு அருகே முத்தோரையில் ஒரு மலைச்சரிவில் 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்ட ரேடியோ தொலைநோக்கி நிற்கிறது. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் கட்டப்பட்டு 1970இல் வேலை செய்ய ஆரம்பித்தது. படத்தில் வருவது போல் கிண்ணமெல்லாம் இல்லை. ஒரு பிரம்மாண்டமான குழாயை நெடுக்காகப் பிளந்து சரிவில் படுக்கவைத்த மாதிரி இருக்கும். வரிசையாக 24 இரும்புச் சட்டங்கள், அவற்றின் மேல் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை இழுத்துக் கட்டிய 1,100 மெல்லிய எஃகுக் கம்பிகள். கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் மிகப் பெரிய துணிக்கொடி போலத்தான் தெரிகிறது. சுற்றிலும் கேரட் தோட்டம், உருளைக்கிழங்குத் தோட்டம். மஞ்சு இறங்கிவிட்டால் கடைசிச் சட்டங்கள் கண்ணுக்குத் தெரியாது.

அது அந்தச் சரிவில் இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு, அதில்தான் மொத்தக் கெட்டிக்காரத்தனமும் இருக்கிறது. ஊட்டி, நிலநடுக்கோட்டிலிருந்து வடக்கே சுமார் 11 டிகிரி. வடக்கு தெற்காக அதே 11 டிகிரி சாய்ந்திருக்கும் ஒரு மலையைத் தேடிப் பிடித்தால், அதன் மேல் படுக்கவைக்கும் தொலைநோக்கியின் அச்சு, பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்துவிடும். அப்புறம் பூமி சுற்றச் சுற்ற அதற்கு எதிராக இதை மெல்ல உருட்டினால் போதும், வானத்தில் ஒரே புள்ளியை ஒன்பது மணி நேரத்துக்கும் மேல் விடாமல் பார்க்கலாம். பல நூறு டன் இரும்பை இரண்டு திசையில் திருப்பும் விலையுயர்ந்த இயந்திரம் தேவையில்லை. மலையே பாதி இயந்திரம்.

இதைக் கட்டிய வருஷங்களைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். 1965, 1966 இரண்டு ஆண்டும் அடுத்தடுத்து நாட்டில் மழை பொய்த்தது. அமெரிக்காவிலிருந்து கோதுமைக் கப்பல் வந்தால்தான் ரேஷன் கடை திறக்கும் என்ற நிலை. 1966 ஜூனில் ரூபாயின் மதிப்பைக் குறைத்தார்கள். அதே ஆண்டு ஜனவரியில், டாடா ஆராய்ச்சி நிறுவனத்தை நிறுவிய ஹோமி பாபா விமான விபத்தில் இறந்துபோனார். நம்மூரிலோ அரிசித் தட்டுப்பாடு. 1967 தேர்தலில் ‘ரூபாய்க்கு மூன்று படி அரிசி லட்சியம், ஒரு படி நிச்சயம்’ என்பது ஓட்டு வாங்கித் தந்த முழக்கம், ஆட்சியே மாறியது. படி அரிசிக்கு ஊர் அடித்துக்கொண்ட அந்த நாட்களில், அதே மாநிலத்தின் ஒரு மலையில், பிரபஞ்சத்துக்கு ஆரம்பம் என்று ஒன்று உண்டா என்று பார்க்கக் கம்பி கட்டிக்கொண்டிருந்தார்கள்.

கேட்டால் கோபம் வரத்தான் செய்யும். எனக்கும் முதலில் வந்தது.

கேள்வி என்னவென்று சொல்லிவிடுகிறேன். 1948இல் ஹாயில், பாண்டி, கோல்டு என்ற மூவர் மாறாநிலைக் கொள்கை என்று ஒன்றைச் சொன்னார்கள். பிரபஞ்சம் விரிவது நிஜம்தான், ஆனால் விரியும் இடைவெளியில் புதிதாகப் பொருள் தோன்றிக்கொண்டே இருக்கிறது, அதனால் எந்தக் காலத்தில் பார்த்தாலும் பிரபஞ்சம் ஒரே மாதிரிதான் இருக்கும், ஆரம்பமும் இல்லை முடிவும் இல்லை என்பது அவர்கள் வாதம். எதிர்த்தரப்பு, ஒரு காலத்தில் எல்லாம் நெருக்கமாக, சூடாக இருந்து விரிந்து வந்தது என்றது. ‘பிக் பேங்’ என்ற பெயரை 1949இல் பிபிசி வானொலியில் வைத்தவரே எதிர் முகாமின் ஹாயில்தான். எப்படித் தீர்ப்பது? வானத்தில் தூரமாகப் பார்ப்பது என்றால் பழைய காலத்தைப் பார்ப்பது, ஒளி வந்து சேர அவ்வளவு நாளாகிறதே. பிரபஞ்சம் என்றும் ஒரே மாதிரி என்றால், தூரத்தில் இருப்பவையும் பக்கத்தில் இருப்பவையும் ஒரே சாயலில் இருக்க வேண்டும். மாறியிருந்தால் ஹாயில் தோற்றார்.

சிக்கல், அந்தக் கால ரேடியோ தொலைநோக்கிக்குப் பார்வை மங்கல். ஏதோ இருக்கிறது என்று தெரியும், எவ்வளவு பெரிது என்று தெரியாது. அதற்கு ஒரு வழி, நிலா. நிலா தன் பாதையில் போகும்போது, தூரத்தில் ரேடியோ அலை வீசும் பொருள் ஒன்றை (இதைத்தான் ரேடியோ மூலம் என்பார்கள்) மறைக்கும், அப்புறம் விடும். நிலாவின் விளிம்பு எங்கே இருக்கிறது என்பது துல்லியமாகத் தெரிந்த விஷயம், அது தன் விட்டத்தின் அளவு தூரத்தைக் கடக்கச் சுமார் ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. ஆகவே சிக்னல் எந்த வினாடியில் அணைந்தது, பட்டென்று அணைந்ததா இழுத்து அணைந்ததா என்று பார்த்தாலே அந்தப் பொருளின் இடமும் அளவும் கிடைத்துவிடும். நிலாவைக் கத்தி மாதிரி பயன்படுத்துவது. இந்த வழியில்தான் ஆஸ்திரேலியாவில் 1962இல் 3சி 273 என்ற மூலத்தின் இடத்தைக் குறித்தார்கள், 1963இல் அது இருநூறு கோடி ஒளியாண்டுக்கும் அப்பால் இருப்பது தெரிந்து விண்மீன் போல் வெறும் புள்ளியாகத் தெரிந்தாலும் மிகத் தூரத்தில் இருக்கும் குவேசார் என்ற புது இனமே அறிவியலுக்குள் வந்தது. அந்தக் கட்டுரையைப் படித்த ஸ்வரூப்புக்குப் பொறி தட்டியது. ஒன்றிரண்டு மூலங்களோடு நிற்காமல், நிலா போகும் வழியில் இருக்கும் நூற்றுக்கணக்கானவற்றை இப்படியே அளந்தால் என்ன? நிலாவை மணிக்கணக்கில் விடாமல் துரத்துவதற்கென்றே வடிவமைத்த கருவிதான் முத்தோரையில் இருப்பது.

1970களில் அவர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மூலங்களை அளந்தார்கள். விஜய் கபாஹியும் ஸ்வரூப்பும் 1975 வாக்கில் வெளியிட்ட முடிவு, தூரத்து மூலங்கள் பக்கத்தில் இருப்பவை மாதிரி இல்லை, காலப்போக்கில் மாறியிருக்கின்றன என்பது. மாறாநிலைக் கொள்கைக்கு இன்னொரு அடி. ‘இன்னொரு’ என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஊட்டித் திட்டம் கிளம்பிய 1965லேயே அமெரிக்காவில் பென்சியாஸும் வில்சனும் பெருவெடிப்பின் மிச்சச் சூட்டைத் தற்செயலாகப் பிடித்துவிட்டார்கள், பெரும்பாலானோர் மனதில் வழக்கு அப்போதே முடிந்துவிட்டது. முத்தோரை, தாமதமாக வந்த, ஆனால் தன் கண்ணால் பார்த்த சாட்சி. இதில் ஒரு வேடிக்கை. ஹாயிலின் மாணவரும் மாறாநிலைக் கொள்கைக்குக் கடைசிவரை விசுவாசமாக இருந்தவருமான ஜெயந்த் நார்லிகர் 1972இல் வந்து சேர்ந்தது இதே டாடா நிறுவனத்தில்தான். ஒரே கூரையின் கீழ் வாதியும் பிரதிவாதியும், அடிதடி இல்லாமல்.

சரி, இதனால் ஒரு படி அரிசியாவது கூடுதலாக விளைந்ததா? இல்லை. ஒரு நெல்மணி கூட இல்லை.

ஆனால் குறைந்ததா என்றும் கேட்க வேண்டுமல்லவா? அதே ஆண்டுகளில்தான் ஆடுதுறை 27 நெல் தஞ்சாவூர் வயல்களில் பரவியது. ஆடுதுறையில் நெல்லை ஒட்டுச் சேர்த்தவர்கள் ஊட்டியில் ஆண்டெனா கட்டத் தெரிந்த ஒருவருக்காகக் காத்திருக்கவில்லை. உரமும் பம்புசெட்டும் கொள்முதல் விலையும் ஸ்வரூப்பின் மலையால் தடைப்படவில்லை. வானத்துக்கும் வயிற்றுக்கும் ஒரே சுருக்குப்பைதான், இங்கே எடுத்தால் அங்கே குறையும் என்ற கற்பனையில்தான் பெரியவருடைய கேள்வி நிற்கிறது. அந்தப் பையை ஒருமுறை திறந்து பார்த்துவிடலாம். தென்னாப்பிரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் எழும்பும் எஸ்கேஏ ரேடியோ தொலைநோக்கியில் இந்தியா சேர்வதற்கு ஏழு ஆண்டுகளுக்கென்று ஒதுக்கியது 1,250 கோடி ரூபாய். மத்திய அரசின் உணவு மானியம் ஆண்டுக்குச் சுமார் 2 லட்சம் கோடி. வகுத்துப் பாருங்கள், ஏழு வருஷத் தொலைநோக்கி, இரண்டே கால் நாள் ரேஷன். ஹிங்கோலியில் வரப்போகும் லைகோ ஈர்ப்பலை ஆய்வகத்துக்கு 2,600 கோடி, அது ஐந்து நாளுக்குள் அடங்கும். ஐபிஎல் ஆட்டங்களை ஐந்து வருஷம் ஒளிபரப்பும் உரிமை 2022இல் 48,390 கோடிக்குப் போனது. அது தனியார் காசு, ஒப்பிடக்கூடாது என்பீர்கள், சரி, ஒப்பிடவில்லை, சும்மா பக்கத்தில் வைத்தேன். நாடு மொத்த ஆராய்ச்சிக்கும் சேர்த்துச் செலவழிப்பது உள்நாட்டு உற்பத்தியில் 0.64 சதவீதம், அதில் விவசாயம், மருந்து, ராணுவம் எல்லாம் அடக்கம். பிரபஞ்சவியலுக்குப் போவது இந்தத் துளியில் ஒரு துளி.

செம்பரம்பாக்கம் கதையும் அதேதான். பெரியவர் கேட்டது போல ஜனவரியிலேயே தெரிந்துகொள்ள முடியவில்லையா என்றால், தெரிந்துதான் இருந்தது. சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகளில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பது இணையத்தில் தினமும் வெளிவரும் புள்ளிவிவரம். 2018 வடகிழக்குப் பருவமழை பொய்த்ததை ஊரே பார்த்தது. ஜோலார்பேட்டையிலிருந்து தண்ணீர் ரயில் வந்தது 2019 ஜூலை 12ஆம் தேதி. நடுவில் இருந்த ஆறேழு மாதத்தில் யாரும் வானத்தைப் பார்த்துக்கொண்டு ஏமாந்துவிடவில்லை. தெரிந்ததை வைத்துச் செய்யவேண்டியதைச் செய்யவில்லை, அவ்வளவுதான்.

இதற்கு இன்னும் கொடூரமான பழைய உதாரணம் ஒன்று உண்டு, அதுவும் மலைமேல்தான் போய் முடிகிறது. 1876 முதல் 1878 வரை நடந்த தாது வருஷப் பஞ்சம். தென்னிந்தியாவில் செத்தவர்கள் ஐம்பது லட்சத்துக்குக் குறையாது. அந்த நேரத்தில் லண்டனில் நார்மன் லாக்யர் என்ற வானியலாளரும் ஹன்டர் என்ற அதிகாரியும், சூரியனில் கரும்புள்ளி குறையும்போதெல்லாம் மதராஸில் மழை பொய்க்கிறது, சூரியனைக் கவனித்தால் பஞ்சத்தை முன்கூட்டிச் சொல்லலாம் என்று எழுதினார்கள். பஞ்ச விசாரணைக் கமிஷனும் பருவமழையை ஆராய வேண்டும் என்றது. அந்த யோசனை வளர்ந்து 1895இல் அடிக்கல் நட்டு, 1901இல் வேலை தொடங்கியதுதான் கொடைக்கானல் சூரிய ஆய்வகம். அதாவது, ‘அவசரப் பிரச்சினைக்கு உதவுகிற ஆராய்ச்சியை மட்டும் செய்’ என்ற விதிப்படி பிறந்த ஆய்வகம். என்ன ஆயிற்று? கரும்புள்ளியை வைத்துப் பஞ்சம் சொல்லும் வித்தை கைகூடவே இல்லை. 1909இல் ஜான் எவர்ஷெட் அங்கிருந்துதான் கரும்புள்ளியிலிருந்து வாயு வெளிப்புறமாகப் பாய்வதைக் கண்டுபிடித்தார், அது அவர் பெயரால் இன்றும் பாடப்புத்தகத்தில் இருக்கிறது, பஞ்சத்துக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது.

எனக்கு உறுத்துவது வேறு. பஞ்சத்தின்போது தானியம் இல்லாமலா இருந்தது? துறைமுகத்திலிருந்து ஏற்றுமதி நடந்துகொண்டிருந்தது. நிவாரண வேலைக்கு வந்து கல்லுடைத்தவனுக்கு நாளுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஒரு அணாவும் போதும் என்று பஞ்சத்தைக் கவனிக்க அரசு அனுப்பிய அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள் கூலி நிர்ணயித்தார், இதில் ஆள் பிழைக்க முடியாது என்று மதராஸின் சுகாதார ஆணையர் கார்னிஷ் எழுத்துப்பூர்வமாகவே சண்டை போட்டார். எல்லாம் பூமியில், கண்ணெதிரே, கணக்குப் புத்தகத்தில் இருந்தது. அதைப் பார்க்காமல் சூரியனில் காரணம் தேடியது ஆட்சிக்கு வசதியாக இருந்தது என்றுதான் நினைக்கிறேன். வானத்தைச் சாக்காக வைத்துக்கொள்வது என்றால் அது இதுதான், முத்தோரை இல்லை.

பயன் என்று ஒன்று வராமலும் இல்லை. ஆனால் அது வந்த வழி யாரும் திட்டம் போட்டிருக்க முடியாத வழி. குவேசார்கள் மிகத் தூரத்தில் இருப்பதால் நம் கண்ணுக்கு அசையவே அசையாது. அசையாத புள்ளி கிடைப்பது அளவெடுப்பவனுக்குப் புதையல். இன்றைக்குப் பூமி விண்வெளியில் எப்படிச் சாய்ந்திருக்கிறது, எவ்வளவு சுற்றியிருக்கிறது, கண்டங்கள் எவ்வளவு நகர்ந்திருக்கின்றன என்பதை எல்லாம் வெவ்வேறு கண்டங்களில் உள்ள ஆண்டெனாக்கள் ஒரே சமயத்தில் குவேசார்களைப் பார்த்துத்தான் சரிபார்க்கின்றன. 2019இலிருந்து நடைமுறையில் உள்ள சர்வதேசப் பட்டியலில் இப்படி 4,536 மூலங்கள் உண்டு, அவற்றில் 303தான் முதுகெலும்பு. கடல்மட்டம் ஆண்டுக்கு 3 மில்லிமீட்டருக்கும் மேல் உயர்கிறது என்று செயற்கைக்கோள் சொல்வதை நம்ப வேண்டுமானால், அந்தச் செயற்கைக்கோள் எங்கே இருக்கிறது என்பது அதைவிடத் துல்லியமாகத் தெரிய வேண்டும், அந்தக் கணக்கின் அடியில் இந்தக் குவேசார்கள் இருக்கின்றன. நாகப்பட்டினத்துக் கரை எத்தனை வருஷத்தில் என்ன ஆகும் என்று பேசுகிறவர்கள் தங்களை அறியாமலே இருநூறு கோடி, ஐநூறு கோடி ஒளியாண்டுக்கு அப்பால் ஒரு ஆணி அடித்து அதில் அளவுநாடாவை மாட்டியிருக்கிறார்கள். 1963இல் 3சி 273ஐப் பார்த்து அசந்துபோனவர்களில் ஒருவர்கூட கடல்மட்டத்தை நினைத்திருக்க மாட்டார். ஆகவே இதையும் நான் நியாயமாகச் சொல்லவில்லை, நடந்தது என்று சொல்கிறேன்.

முத்தோரையும் சும்மா இல்லை. பிரபஞ்ச வழக்கு முடிந்தபின் அதே கம்பிகளை வைத்துச் சூரியக் காற்றை, அதாவது சூரியனிலிருந்து வீசும் துகள்களின் ஓட்டத்தை, கவனிக்கிறார்கள். 1989 மார்ச்சில் கனடாவின் கியூபெக் மாகாணம் ஒன்பது மணி நேரம் இருண்டு கிடந்ததற்குக் காரணம் சூரியப் புயல் என்பதால் இது வெறும் படிப்பு விஷயம் இல்லை. ஊட்டியிலேயே இருக்கும் கிரேப்ஸ்-3 என்ற காஸ்மிக் கதிர் ஆய்வகம், 2014 டிசம்பரில் தலைக்கு மேல் போன ஓர் இடிமேகத்துக்குள் 130 கோடி வோல்ட் மின்னழுத்தம் இருந்ததை, மியூவான் என்ற துகள்களின் எண்ணிக்கை குறைந்ததை வைத்துக் கணக்கிட்டது. இடிமேகத்தை அளக்க யாரும் அதைக் கட்டவில்லை. மின்னலால் ஆண்டுக்கு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் சாகும் நாட்டில் அந்த எண்ணுக்கு மதிப்பு உண்டு.

இதுவரைக்கும் விஞ்ஞானிகள் பக்கம் பேசிவிட்டேன். ஆனால் இந்தக் கேள்விக்கு இன்னொரு முகம் இருக்கிறது, அதைத் தேனியில் பார்த்தோம். எதையும் ஊடுருவிப் போகும் நியூட்ரினோ என்ற நுண்துகளை ஆராயும் ஆய்வகத்துக்காகப் போடி மேற்கு மலையில், பொட்டிப்புரத்துக்கு அருகே, சுமார் இரண்டு கிலோமீட்டர் சுரங்கம் குடைந்து 50,000 டன் இரும்புக் கருவியை வைப்பதாகத் திட்டம். 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை சுமார் 1,500 கோடிக்கு ஒப்புதல் கொடுத்தது. அதற்கு முன் நீலகிரியில் சிங்காராவைப் பார்த்து, யானை வழித்தடம் என்பதால் 2009இல் கைவிட வேண்டியிருந்தது. தேனி மக்கள் கேட்டதை ‘சோறு முக்கியமா நியூட்ரினோ முக்கியமா’ என்ற பட்டிமன்றமாகத்தான் பலர் பார்த்தார்கள். உண்மையில் அவர்கள் கேட்டது அது இல்லை. எங்கள் மலையில் எத்தனை டன் வெடி வைப்பீர்கள், உடைத்த கல்லை எங்கே கொட்டுவீர்கள், ஊற்று வற்றினால் யார் பொறுப்பு, மேய்ச்சலுக்குப் போகும் பாதை இருக்குமா? இதற்குச் சிலர் சொன்ன பதில், நியூட்ரினோ தீங்கற்றது, இப்போதே உங்கள் உடம்பு வழியாக வினாடிக்குக் கோடானுகோடி போய்க்கொண்டிருக்கிறது என்பது. அது முழு உண்மை. கேட்ட கேள்விக்குப் பதில்தான் இல்லை. கதிர்வீச்சு பற்றிய வதந்திகளும் பரவின, அவை தவறுதான், ஆனால் வதந்தியை மறுத்தாலே ஊரைச் சமாதானப்படுத்தியாகிவிட்டது என்று நினைத்தது அதைவிடப் பெரிய தவறு. மதிகெட்டான் பெரியாறு புலி வழித்தடத்தைக் காட்டி, அனுமதிக்க முடியாது என்று தமிழக அரசு 2022இல் உச்ச நீதிமன்றத்தில் சொல்லிவிட்டது. நியூட்ரினோ வகைகளில் எது எடை கூடியது என்ற, ஏறக்குறைய அதே கேள்விக்குச் சீனாவின் ஜூனோ ஆய்வகம் 2025 ஆகஸ்டில் தரவு சேகரிக்கத் தொடங்கிவிட்டது. இயற்பியல் படித்தவனாக எனக்கு அதில் வருத்தம் உண்டு. ஆனால் முத்தோரைக்காரர்கள் மலையின் சரிவைக் கடன் வாங்கினார்கள், இவர்கள் மலையின் வயிற்றைக் கேட்டார்கள். இரண்டும் ஒன்றில்லை.

எல்லாக் கோட்பாட்டையும் ஒரே தட்டில் வைக்கவும் மாட்டேன். பிரபஞ்சம் விரியும் வேகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பெருவெடிப்பின் மிச்சச் சூட்டிலிருந்து கணக்குப் போட்டால் 67 வருகிறது, விண்மீன் வெடிப்புகளை அளந்தால் 73 வருகிறது (ஒவ்வொரு 33 லட்சம் ஒளியாண்டுக்கும் வினாடிக்கு இத்தனை கிலோமீட்டர் என்ற கணக்கு). இரண்டு பக்கமும் தராசைப் பலமுறை சரிபார்த்தாயிற்று, வித்தியாசம் போகவில்லை. இது நல்ல சண்டை, யாராவது ஒருவர் தோற்கப்போகிற சண்டை. அதே சமயம், நம்மால் எந்தக் காலத்திலும் எட்ட முடியாத எண்ணற்ற பிரபஞ்சங்கள் இருக்கின்றன, அவற்றில் ஒன்றில் நீங்கள் பிரதமர் என்கிற மாதிரிக் கதைகள் யூடியூபில் லட்சக்கணக்கில் பார்க்கப்படுகின்றன. அதற்குப் பேப்பர் செலவுதான், போகட்டும். ஆனால் பெரியவரின் ‘ஓகோ’வுக்குப் பாதிக் காரணம் இந்தக் கதைகள்.

அவரை மறுபடி இதே மாதிரி ஒரு நிலைமையில் பார்த்தது 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயலுக்குப் பிறகு. இந்த முறை தண்ணீர் இல்லாத குறை இல்லை, தெருவில் முழங்கால் வரை நின்றது. அந்த ஆகஸ்டில்தான் சந்திரயான் இறங்கியிருந்தது. “நிலாவுல இறங்கிட்டோம், இந்தத் தண்ணிக்கு இறங்க வழி தெரியல” என்றார். கரண்ட் போய் இரண்டு நாள். வேறு போக்கிடம் இல்லாமல் எல்லாரும் மொட்டை மாடியில் இருந்தோம், ஊரே இருட்டாகக் கிடந்ததால் வானம் சென்னையில் நான் பார்த்தே இராத அளவுக்குத் தெளிவாக இருந்தது. தலைக்கு மேலே பளிச்சென்று இருந்ததைக் காட்டி அது என்ன என்று கேட்டார்.

“வியாழன், சார்.”

“அங்கேருந்து வெளிச்சம் வர எவ்வளவு நேரம் ஆகும்?”

“இப்போ இருக்கிற தூரத்துக்கு, முப்பத்தஞ்சு நிமிஷம்.”

கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தார். “பரவாயில்லையே” என்றார். “பால் பாக்கெட் வந்தே மூணு நாளாச்சு.”